பின் பிரேக்

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பின் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாண்டியராஜ் ஒவ்வொரு நாளும் பாடத்தை இதில்தான் தொடங்கினான். காலால் மிதித்தால் செருப்பு பொய் சொல்லிவிடும், கைக்குத்தான் உண்மை தெரியும் என்றான். மகாராணி குத்தவைத்து உட்கார்ந்து அந்த மிதிகட்டையை உள்ளங்கையால் அழுத்துவாள். ஒரு விரற்கடை இறங்கி, இறுகி நிற்கும்.

"நிக்கிதா?"

"நிக்கிது."

"சரி, ஏறு."

பங்குனி வெயிலில் சிலமலைக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. விடிந்ததும் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். பிறகு திரும்பிப் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஊன்றுகோலோடு வரும் அவனுக்குப் பின்னால் மெல்ல நடந்து வருவாள். நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்தபடி அவன் சொல்லிக்கொடுத்தான். அந்தக் கால் இனி மடங்காது. முட்டிக்கு மேலும் கீழும் உள்ளே கம்பி இருந்தது.

நாற்பத்தொரு வயதில் மகள் அருணாவின் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு கண்மாய்க்குள் வட்டம் போடுவது முதல் வாரத்தில் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆடு மேய்க்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கரையில் போன ஒருத்தி, மதுரையில் நர்சிங் படிக்கிற மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசில் அம்மாக்காரி வண்டி ஏறிவிட்டாள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். கற்றுக்கொள்ளாமல் முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. தொண்டிமலை எஸ்டேட்டில் பாண்டியராஜ் பார்த்த வேலையை ஆடி மாதம் வரை அவன் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பறிப்பாட்களை ஏற்றிய ஜீப்பு நாலு மணிக்கே இறங்கிவிடும். ஏலக்காயை எடை போட்டு, உலர் அறையில் பரப்பிவிட்டு ஸ்டோரைப் பூட்ட ஆறாகும். அதற்கு மேல் இறங்க வேண்டுமென்றால் சொந்த வண்டி வேண்டும். அவனுக்குப் பதில் அவள் போக வேண்டும். அவ்வளவுதான்.

அவன் நல்ல வாத்தியாராக இருந்தான். சத்தம் போடவில்லை. "சக்கரத்தப் பாக்காத. போக வேண்டிய எடத்தப் பாரு, வண்டி தானா வரும்" என்றான். கிளட்சைப் பாதியில் பிடித்தால் வண்டி மூச்சு விடுவது தெரியும், அந்த இடத்தைக் கை பழகிக்கொள்ள வேண்டும் என்றான். செயின் ஒரு விரல் அளவுக்கு மேல் தொங்கக் கூடாது. டயரில் காற்று குறைந்தால் வளைவில் வண்டி இழுக்கும். ஆயில் மாற்றிய தேதியை நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், முன் பிரேக் தூக்கி எறிந்துவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று சொல்வான். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க மாட்டான்.

"ஏறுன கியர்லயே எறங்கணும். எறக்கத்துல எஞ்சினை அணைக்கவே கூடாது."

சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரையையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரங்களில் மகாராணி அங்கே நிற்க மாட்டாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு தூரமாகப் போய்விடுவாள். அவன் முகம் தெரியாத தூரத்தில் போய்த் திரும்புவாள்.

மலையில் சோலி பார்க்கிற ஆண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. போடிமெட்டுச் சோதனைச் சாவடி தாண்டியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவும் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அடிவாரத்து முந்தல் வரை ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் வந்தேன் என்பது டீக்கடையில் சொல்லிக்கொள்கிற பெருமை. எஞ்சின் பிடிக்க வேண்டிய பாரத்தையெல்லாம் பிரேக் ஒன்றே பிடிக்கும். பாதி மலையில் தீய்ந்த வாடை வரும். அதற்கும் பழகிவிட்டார்கள்.

போன புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் அப்படித்தான் பாண்டியராஜ் இறங்கினான். பின்னால் அவன் அக்கா ஒச்சம்மாளின் புருஷன் சுருளி உட்கார்ந்திருந்தார். பக்கத்து எஸ்டேட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை அவருக்கு. பஸ்சு வரவில்லை, மச்சினன் வண்டி வந்தது, ஏறிக்கொண்டார். எட்டாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சுவரில் மோதிய வண்டி அங்கேயே கிடந்தது. சுருளி சுவரைத் தாண்டிக் கீழே போய்விட்டார்.

பாண்டியராஜ் யார்மேலும் பழி போடவில்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோதும், துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டபோதும், பெட்ரோலுக்கு ஆசைப்பட்டு எஞ்சினை அணைத்தேன், மச்சானைக் கொன்றுவிட்டேன் என்று ஒரே மாதிரி சொன்னான். அக்கா ஊரான ராசிங்காபுரத்தில் மூன்றாம் நாள் காரியத்துக்கு மகாராணி மட்டும் போயிருந்தாள். பெண்கள் கூட்டத்தின் நடுவில் இருந்த ஒச்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்து, அழுகையே இல்லாத குரலில் சொன்னாள்:

"எந்தம்பி மிச்சம் புடிச்சது ஒரு பாட்டில் பெட்ரோலு இருக்கும்ல. அதக் கொண்டாரச் சொல்லு. இவருக்குப் பால் ஊத்துன எடத்துல ஊத்துறேன்."

தம்பி பெண்டாட்டியிடம் பேசுகிறோம் என்பதே மறந்து, யாரோ தாயாதிக்காரியிடம் முறையிடுவது மாதிரிப் பேசினாள். அதற்குப் பிறகு ஒச்சம்மாள் சிலமலைப் பக்கம் வரவில்லை. அவர்களும் ராசிங்காபுரத்துக்குப் போகவில்லை.

ஆனால் நடந்தது அது மட்டும் அல்ல. மற்றது மகாராணிக்குத் தெரியும். தனக்கு மட்டுமே தெரியும் என்று அவள் எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

விபத்துக்கு முந்தின நாள் பாண்டியராஜ் வண்டியைப் போடியில் சீனிச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஜீப்பில் மலைக்குப் போயிருந்தான். அடுத்த சந்தில்தான் அவள் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற கிடங்கு. மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தவளைச் சீனிச்சாமி கூப்பிட்டான். அண்ணன் போன் மலைமேல் எடுக்கவில்லை, நான் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறேன், நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றான். பின் பிரேக் ஷூ தேய்ந்து தகடாகிவிட்டது, புதுசு வியாழக்கிழமைதான் வரும், அதுவரைக்கும் ஊருக்குள் ஓட்டிக்கொள்ளட்டும், மலை ஏற வேண்டாம். அவள் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் அவள் அதைச் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. அவர்கள் இருவருக்கும் அப்போது பேச்சு இல்லை.

அவள் தம்பி மகனுக்குக் காதுகுத்து. பந்தி முடியும் நேரத்துக்கு வந்த பாண்டியராஜ், மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் போய்விட்டான். ஸ்டோரில் ஆள் இல்லை, திரும்பிப் போக வேண்டியிருந்தது என்பது அவன் கட்சி. தன் வீட்டார் முன்னால் தன் தலையைக் குனியவைத்துவிட்டான் என்பது அவள் கட்சி. அவள் ஒரு வார்த்தை சொல்ல, அவன் ஒரு வார்த்தை சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. இதற்கு முன்னால் சண்டை வந்தால் அருணா நடுவில் இருப்பாள். 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு' என்று வார்த்தைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த வருஷம் அவள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதை மகாராணி அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டு குடத்தை எடுத்தான். அப்படிப் பத்தொன்பது நாள் போனது.

அந்த நாட்களை அவள் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவளைப் பயமுறுத்தியது கோபம் அல்ல. முதல் நாலைந்து நாளிலேயே கோபம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது ஒரு விதமான சுகம். அவன் முன்னால் தட்டை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நகரும்போது தன் உடம்புக்குள் ஒரு பலம் ஏறுவதை அவள் உணர்ந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் கையில் இருந்த ஒரே பலம் அதுதானோ என்னவோ. ஒவ்வொரு நாளும் பேசாமல் படுக்கப் போவது ஜெயித்துவிட்டுப் படுக்கப் போவது மாதிரி இருந்தது.

சீனிச்சாமி சொன்ன அன்று சாயங்காலம் அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். 'நான் பணிந்து பேசுவேன் என்று காத்திருக்கிறான்' என்று அவள் நினைத்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் நின்றது. கேட்கட்டும், சொல்கிறேன் என்று அதை விழுங்கினாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். காலையில் அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். பிடிக்கிற தூரம்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சீனிச்சாமி அவளை வராந்தாவில் தனியாக நிறுத்தி, "அக்கா, அண்ணன்கிட்டச் சொன்னீங்கள்ல?" என்று கேட்டான். "சொன்னேன்" என்றாள். அவன் முகம் தெளிந்தது. மனுஷன் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிற நாகரிகமும் அவனுக்கு இருந்தது. அந்த ஒரு சொல்லால் அவள் புருஷனின் குற்றத்தை இரண்டு மடங்காக்கிவிட்டாள்.

இப்போது அவன் அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தான்.

எல்.எல்.ஆர். வந்து முப்பது நாள் முடிந்ததும் டெஸ்டுக்குப் போனார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுவிடுங்கள், சுலபம், அப்புறம் எதை ஓட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னார். பாண்டியராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "கியர் வண்டில தான மலை ஏறப் போறா. அந்த லைசென்சுதான் வேணும்" என்றான். முதல் தடவை எட்டின் இரண்டாவது சுழிவில் அவள் கால் தரையில் பட்டுவிட்டது. ஒரு வாரம் கண்மாய்க்குள் செங்கல் அடுக்கி வைத்து மறுபடி பழகினாள். இரண்டாம் தடவை கால் படவில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வீட்டுக்காரர் என்றாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றார் அவர். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பாண்டியராஜ் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதைப் பார்க்க முடியாமல் அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் மலையேற்றத்துக்குத் தானும் வருவேன் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். மடங்காத காலை நீட்டி வைக்கச் சீனிச்சாமி தனியாக ஒரு கட்டை வெல்டிங் வைத்துக்கொடுத்தான். வைகாசி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். முந்தலில் குரங்கணிப் பாதை பிரிகிற இடத்தில் நிறுத்தி, அவள் இறங்கிப் பின் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அவன் சொல்லாமலே செய்தாள்.

ஏறுவது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்பினாள். எட்டாவது வளைவைக் கடக்கும்போது மட்டும் அவன் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது. மேலே சாவடிக்குப் பக்கத்தில் டீ குடித்தார்கள். பனி விலகிக் கீழே போடி தெரிந்தது. இரண்டு பையன்கள் பைக்கில் வந்து, சாவடியைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிரித்தபடி இறங்கிப் போனார்கள். பாண்டியராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. எட்டாவது வளைவில் அவன் தோளைத் தட்டினான். நிறுத்தினாள். அவன் இறங்கி, ஊன்றுகோலை ஊன்றிச் சுவர் ஓரம் போனான். உடைந்த இடத்தில் புதிதாகக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சிமெண்டின் நிறம் மட்டும் வேறாக இருந்தது. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவது போலச் சொன்னான்:

"மச்சான், பெட்ரோலுக்கு ஆசைப்பட்டுட்டேன் மச்சான்."

மகாராணிக்கு வண்டியின் ஸ்டாண்டைப் போட்டோமா என்றுகூட ஞாபகம் இல்லை. அவன் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சீனி அன்னைக்கு மத்தியானமே எங்கிட்டச் சொன்னான். பின் பிரேக் ஷூ தேஞ்சு போச்சு, மலை ஏறக் கூடாதுன்னு. நான் உங்ககிட்டச் சொல்லல."

அவன் திரும்பவில்லை. ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றிய ஜீப்பு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது அடுத்த வளைவில் மறைகிற வரை காத்திருந்தான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சீனி சாவிய டீக்கடைல குடுத்துட்டுப் போயிருந்தான். வாங்கப் போனப்ப கடைக்கார மொக்கையன் சொன்னான். வண்டியப் பத்தி சீனி என்னமோ ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கான், கேட்டுக்கன்னு." அவன் புதுச் சிமெண்டை விரலால் சுரண்டினான். "வர்ற வழில பிரேக்க மிதிச்சப்பவே கட்டை உள்ள போச்சு. வீட்டுக்கு வந்து ஒக்காந்தேன். நீ சொல்லுவேன்னு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்டா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிரும்ல."

அந்தச் சாயங்காலம் அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை அவளுக்கு மறுபடி வந்தது. அதில் இருந்தது என்ன என்று இப்போதுதான் தெரிந்தது.

"அப்பறம் எதுக்கு பெட்ரோலு பெட்ரோலுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"அதுன்னா நாலு பேரு திட்டுவான், விட்டுருவான். மலைல எல்லாரும் செய்றதுதான. இதப் போயி எப்பிடி வெளிய சொல்றது?"

தன் குற்றத்தைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று அவள் எங்கேயோ நம்பியிருந்தாள். அவனும் சேர்ந்து பிடித்த பிறகும் அது லேசாகவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற அளவுக்குப் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை உண்டுகொண்டு, இந்த ஒன்றை மட்டும் இருவரும் பேசாமலே வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது நாள் முடியவே இல்லை.

அவன் வந்து சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தான். காலைத் தூக்கிக் கட்டையில் வைத்துக்கொண்டான்.

"அக்கா வீட்டுக்கு விடு" என்றான்.

ராசிங்காபுரத்தில் ஒச்சம்மாள் வாசலில் சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நின்றதும் அவள் பார்த்தது அவர்களை அல்ல, வண்டியைத்தான். சைலன்சரில் இருந்த நசுங்கல் அப்படியே இருந்தது. வா என்று சொல்லவில்லை. சுத்தியலை மட்டும் கீழே வைத்தாள்.

மகாராணி நின்றுகொண்டே சொன்னாள். சீனிச்சாமி சொன்னது, தான் சொல்லாதது, மொக்கையன் சொன்னது, இவன் கேட்காதது, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன பொய் வரை சொன்னாள். ஒச்சம்மாள் விரலில் ஒட்டியிருந்த புளி நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"எத்தன நாளு பேசாம இருந்தீங்க?"

"பத்தொம்பது நாளு, மதினி."

"எதுக்கு?"

மகாராணி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சண்டை என்று இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அதைச் சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்று ஒரு கணம் தேடினாள். பெரிதாக வேறு ஏதாவது காரணம், நகை, நிலம், குடி, எதுவாக இருந்தாலும் சரி, இப்போது கைக்குக் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"எந்தம்பி மகன் காதுகுத்துல இவரு சாப்பிடாம வந்துட்டாரு."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஒன்றும் வரவில்லை.

"சாப்பிடாம" என்றாள் ஒச்சம்மாள். கேள்வியாக இல்லை. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பார்க்கிறவளைப் போல மெல்லச் சொன்னாள்.

பிறகு சாக்கின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தட்டாத புளியும் தட்டிய புளியும் ஒன்றாகக் கலந்தன.

"போங்க" என்றாள். "பெட்ரோலு கேட்டேன்ல, அது வேணாம்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவுக்குள் சுருளியின் படமும், அதன் மேல் சின்னப் பல்பும் தெரிந்தன.

மகாராணி வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உதைக்கக் காலைத் தூக்கினாள். அந்த வாசலில் அந்தச் சத்தத்தைக் கிளப்ப அவளால் முடியவில்லை. இறங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினாள். தெருமுனை வரை லேசான ஏற்றம். பின்னால் ஊன்றுகோல் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். பிறகு அந்தப் பத்தொன்பது நாள் நினைவுக்கு வந்து, அவளே நின்று திரும்பினாள்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.